கோடும் மழையும்



"கடலே இல்லாத சங்கரன்கோவிலில் புயலுக்கு என்ன கருத்தரங்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு 2020 டிசம்பர் முதல் வாரம் நினைவுக்கு வந்தது. புரெவிப் புயல் வருகிறதென்று தென்மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை. தெரிந்த கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் கைப்பேசியில் வந்த புயல் பாதை வரைபடத்தை என்னிடம் நீட்டி, "சார், இந்தக் கோடு நம்மூர் மேல வருதா, தள்ளிப் போகுதா?" என்றார். மானாவாரியில் உளுந்து நிற்கிற நேரம். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் புயல் திரிகோணமலைப் பக்கம் இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பன் அருகே நகராமல் நின்று வலுவிழந்தது. பெருமழையோ எங்கோ வடக்கே சிதம்பரத்தில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. அதற்கு முந்தைய நாளே மூழ்கியது சென்னை. அதே மாதம் 17, 18 தேதிகளில் பெயர் வைத்த புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை; நம் கரிசல் சீமையின் கோவில்பட்டியில் 53 செ.மீ. கோடே வரையாத இடத்தில் வெள்ளம் வந்தது.

புயல் தானாக வழி தேடிப் போவதில்லை. ஆற்றில் மிதக்கும் சுழியைப் போல, சுற்றியுள்ள காற்றோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூமி சுழல்வதால் புயல் கொஞ்சம் வடமேற்கே சாய்கிறது. வடக்கே உயர் அழுத்தம் வலுத்திருந்தால் புயல் மேற்கே தமிழகக் கரைக்கு வரும். தளர்ந்தால் ஆந்திரம், ஒடிசா என்று வளைந்து போகும். புவி சூடேறினால் இந்தக் காற்றும் அழுத்தமும் இடம் மாறும், பாதையும் மாறும். மேற்குப் பசிபிக்கில் புயல்கள் உச்ச வலுவை அடையும் இடம் துருவத்தை நோக்கி நகர்ந்திருப்பதைப் பதிவுகள் காட்டுகின்றன. வங்கக் கடலில் அவ்வளவு தெளிவான நகர்வு இன்னும் தென்படவில்லை. செயற்கைக்கோள் வருவதற்கு முன், கப்பலும் கரையும் கண்டதே பதிவு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் சில மாற்றங்கள் கண்ணுக்கே தெரிகின்றன. அரபிக்கடலில் 2001 முதல் 2019 வரையிலான புயல்கள் அதற்கு முந்தைய காலத்தைவிட 52 சதவீதம் கூடியதாக இந்திய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வலுக்கும் வேகத்தையும் பாருங்கள்: 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையில் புயல். மீன்பிடிப் படகுகளோ ஏற்கெனவே ஆழ்கடலில். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பாதை மாறினாலும் மாறாவிட்டாலும், வருகிற மழை கனத்துத்தான் வரும்.

என் கருத்து இதுதான்: கரை கடக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்நாட்டுக்காரர்களான நமக்கு உதவாது. கட்டுரையாளர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, கடந்த புயல்களின் பாதையை வரையும்போது, அந்தந்த நாளில் தென்காசி, தூத்துக்குடி மாவட்ட உட்பகுதிகளில் பெய்த மழையையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு, எந்தக் குளம் எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது என்பது ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். மழைமானி இல்லாத ஊருக்கு அதுதான் சான்று.

அன்று என் மௌனத்தைப் பார்த்த சம்சாரி கைப்பேசியை மடியில் செருகிவிட்டு மம்பட்டியை எடுத்தார். "கோடு எங்கிட்டுப் போனா என்ன சார், ஓடையச் செதுக்கிப் போடுவோம். வந்தாத் தண்ணி வழியில போகும்" என்றார். கருத்தரங்கைத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. முதல் அமர்வு தொடங்கட்டும்.