முதியோர் தொழில்நுட்ப ஆய்வும் சாத்திர தானமும்
(சுருத பஞ்சமி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், முதுமை எய்திய காலத்தில் ஒரு கவலை கொண்டார் என்பது மரபுச் செய்தி. தாம் நெஞ்சில் தாங்கிய ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்பதே அக்கவலை. புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்து அதனைக் கற்பித்தார். அவர்கள் அதனைச் சட்கண்டாகமமாக எழுத்தில் வடித்தனர். அது நிறைவுற்ற ஜேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளே சுருத பஞ்சமி. இது அனைவரும் அறிந்ததே.

அந்நூலின் பிற்கால வரலாறுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீரசேனரின் தவளா உரையோடு கூடிய அதன் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் பூட்டிக் காக்கப்பட்டன. கண்டு வணங்கியோர் பலர். படித்தோர் மிகச் சிலர். பேராசிரியர் ஹீராலால் ஜெயின் பதிப்பில் முதல் தொகுதி அச்சேறியது 1939ஆம் ஆண்டில்தான். காத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் காத்திராவிடில் அச்சிட எதுவும் எஞ்சியிராது. ஆயினும் வணங்கப்படும் நூல் வேறு, வாசிக்கப்படும் நூல் வேறு.

முதியோரும் தொழில்நுட்பக் கருவிகளும் பற்றிய ஆய்வுகள் இன்று ஏறத்தாழ அதே நிலையில் உள்ளன. ஆங்கில ஆய்விதழ்களுக்குள் அவை பத்திரமாக இருக்கின்றன. யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்கள் கையில் மட்டும் இல்லை. விளைவு, வீடுதோறும் காணக்கூடியது. கைப்பேசியில் தடுமாறும் பெரியவர், “வயதாகிவிட்டது, இனி இது மண்டையில் ஏறாது” என்கிறார். பெயரனும் அதனை ஒப்புக்கொண்டு, கருவியை வாங்கித் தானே அழுத்தி முடித்துவிடுகிறான். பெரியவர் அடுத்த முறை கேட்பதற்கே கூசுகிறார்.

ஆய்வு கூறுவது வேறு. அமெரிக்காவில் மயாமி, புளோரிடா மாநில, ஜார்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் இணைந்து 1999இல் ‘கிரியேட்’ என்னும் ஆய்வு மையத்தைத் தொடங்கினர். சாரா சாஜா, நீல் சார்னஸ், வெண்டி ராஜர்ஸ் முதலியோர் அதில் பணியாற்றினர். இத்துறையின் முடிவுகளுள் முதன்மையானது, தடுமாற்றத்தின் பெரும்பகுதி முதியவரின் அறிவுக் குறைவால் நேர்வதன்று, அவரை எண்ணாமல் கருவியை அமைத்ததால் நேர்வது என்பது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழியாடி மஞ்சளிக்கிறது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அத்தகைய கண்ணுக்கு முன் வெளிர்சாம்பல் நிறத்தில் சிற்றெழுத்தை வைத்தால் பிழை யாருடையது? புதிய படிமுறைகளைக் கற்க முதியோர்க்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பது உண்மை. சொல்வளமும் வாழ்வறிவும் பெரும்பாலும் குன்றுவதில்லை என்பதும் உண்மை. அவசரப்படுத்தாமல், தம் கையாலேயே செய்து பழக விட்டால் கற்றுக்கொள்கின்றனர்.

அதே மையத்தார், தனித்து வாழும் 65 வயதைக் கடந்த 300 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினர்க்கு எளிமையாக அமைத்த கணினியையும், மறு பிரிவினர்க்கு அதே வகைச் செய்திகளைத் தாளில் தொகுத்த கோப்பையும் அளித்தனர். ஆறு மாதங்களில், கணினி பெற்றோரிடம் தனிமையுணர்வு குறைந்திருந்தது. பன்னிரண்டு மாதங்களில் இரு பிரிவினர்க்கும் இடையிலான வேறுபாடு நிலைக்கவில்லை. ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வோர் பெரும்பாலும் முதற்செய்தியை மட்டும் உரக்கச் சொல்லி, இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். அநேகாந்தம் பேசும் சமூகத்தில் அவ்வாறு ஒரு பக்கத்தை மறைப்பது தகாது. இரண்டையும் கேட்டால் முதியோர் மனம் தளர்ந்துவிடுவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் வாழ்வில் இதனினும் கடுமையானவற்றைக் கேட்டவர்கள்.

ஆய்வு வெளியே வந்தமைக்கும் சான்று உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2003இல் முதியோர்க்கென ஓர் இணையதளம் அமைத்தபோது, எழுத்தைப் பெரிதாக்கவும், நிற வேறுபாட்டை மிகுக்கவும், பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் செய்யவும் பொத்தான்கள் வைத்தன. முதுமை பற்றிய ஆய்வே அங்குப் பொத்தானாக உருமாறியது.

இந்தியாவில் ஓய்வூதியர் வாழ்வுச் சான்றுக்காக 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காதபோது, உயிரோடு எதிரில் நிற்பவரே தம் உயிரை மெய்ப்பிக்க இயலாமல் திரும்ப நேர்ந்தது. 2021இல் முகம் காட்டிச் சான்றளிக்கும் முறை சேர்ந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். எத்தனை முதியோர் வீடுகளுக்கு இச்செய்தி, செய்முறையோடு, போய்ச் சேர்ந்திருக்கிறது?

அன்னம், மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னரின் சாந்திபுராணத்தை 1,000 சுவடிகளாகப் படியெடுப்பித்து வழங்கினார். இன்று அச்செலவில் சிறு பகுதிகூட ஆகாது. முகம் காட்டிச் சான்றளிப்பது எப்படி என்பதை ஒரே தாளில், வெண்மை மேல் கருமையாக, பெரிய எழுத்தில் அச்சிட்டு ஜினாலயங்களில் வைக்கலாம். முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமர்க என்பது போன்ற சிறு குறிப்புகளும் அதில் வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன், எழுபது கடந்த ஓர் அம்மையாரிடம் தாளையும் கைப்பேசியையும் தந்து, குறுக்கிடாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு, அவ்வரியைத் திருத்திய பின் அச்சகத்துக்கு அனுப்பலாம். வரும் நவம்பருக்குள் அத்தாள் கையில் இருந்தால் நல்லது.