யோகம்: மைசூரிலிருந்து மேல்நாட்டுக்கு
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



யோகம் நம் பூர்விகச் சொத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொத்தில் எது எப்போது சேர்ந்தது என்று இன்று சற்றுப் பார்க்கலாம் என நினைக்கிறேன்.

பதஞ்சலியின் சூத்திரங்கள் ஏறக்குறைய 195. ஆசனத்தை விளக்குபவை மூன்றே மூன்று. எட்டு அங்கங்களில் யமம், நியமம் இரண்டுக்கும் பிறகுதான் ஆசனம். 15-ஆம் நூற்றாண்டின் ஹட யோக பிரதீபிகை விவரிப்பது 15 ஆசனங்கள். 1966-ல் பி.கே.எஸ். அய்யங்காரின் 'லைட் ஆன் யோகா' வெளிவந்தபோது அவை சுமார் 200! இடையில் நடந்தது என்ன?

1893-ல் சிகாகோ சென்ற விவேகானந்தர் மேல்நாட்டாருக்குப் போதித்தது ராஜயோகம். அதாவது தியானமும் மன அடக்கமும். ஆசனப் பயிற்சி அங்கே பரவ வித்திட்டது மைசூர். 1930-களில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சார்யா யோகசாலை நடத்தினார். ஸ்ரீவைஷ்ணவ குடும்பம், சாஸ்திரங்களை முறையாகக் கற்றவர். இளைஞர்களுக்கேற்ப ஆசனங்களை மூச்சோடு இணைத்துத் தொடராக அமைத்தார். அக்காலத் தேகப்பயிற்சிகளின் சாயலும் அதில் உண்டு என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுகிறார்கள். இருக்கட்டுமே! காலத்துக்கேற்பக் கற்பிப்பதும் ஆசாரியரின் கடமைதானே?

ரீகாவில் பிறந்த இந்திரா தேவி சிஷ்யையாக வந்தபோது, அந்நியப் பெண் என்று முதலில் மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். அந்த அம்மையார் பின்னர் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். சிறு வயதில் நோயாளியாக இருந்த மைத்துனர் அய்யங்காரை, 1954-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஐரோப்பாவுக்கு அழைத்தார். பட்டாபி ஜோயிஸைத் தேடி வெளிநாட்டார் மைசூருக்கே வந்தனர். 2015 முதல் ஜூன் 21 உலக யோகா தினம்.

ஆக, அன்று ஒரு கதவு திறந்ததால்தான் இந்த வித்தை உலகெங்கும் போயிற்று. ஆனால் பெரும்பாலும் போனது ஒரே அங்கம். மற்ற ஏழும் நம் வீடுகளில் இருக்கின்றனவா? சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் இருக்கிறது. மூக்கைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். பெருமை மட்டும் பேசினால் சொத்து கைவிட்டுப் போகும்.

ஆகவே என் விண்ணப்பம் ஒன்றுதான். ஒவ்வொரு கிளையிலும் வாரம் ஒரு நாள், முறையாகக் கற்றவரைக் கொண்டு பெண்கள், முதியோர், குழந்தைகள் எல்லோருக்கும் வகுப்பு நடத்துங்கள். ஆசனத்தோடு நிறுத்தாமல், யமத்திலிருந்து தொடங்குங்கள்.