பத்து ரூபாய் பல்பும் மீட்டர் இல்லாத பெட்டியும்

வேலை முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம வந்து உட்கார்ந்திருக்கிற புதுச்சேரி மின்நுகர்வோர் தோழர்களே!

இந்தியா முழுக்க 36 கோடி எல்.இ.டி. பல்புக்கு மேல கொடுத்தாச்சுன்னு டெல்லியில மார் தட்டுறாங்க. அந்தக் கணக்கு எந்த ஊர்ல தொடங்குச்சு? நம்ம ஊர்லய்யா! (கைதட்டல்) 2014-ல குண்டு பல்பைக் கொடுத்துட்டு 10 ரூபாய்க்கு எல்.இ.டி. வாங்கினோம். அன்னிக்கு அதோட கொள்முதல் விலை 310 ரூபாய். மிச்சப் பணத்தை யார் போட்டா? மத்திய அரசோட எரிசக்தி சேவை நிறுவனம், ஈ.ஈ.எஸ்.எல். முதல் போடுறது அவங்க. மிச்சமாகிற மின்சாரத்துல இருந்து வருஷா வருஷம் திருப்பி எடுத்துக்குவாங்க. எஸ்கோ, எஸ்கோன்னு சொல்றாங்களே, அது இதுதான்.

அப்ப சில பேர் சிரிச்சாங்க. பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். "பல்பு கொடுத்து பூமியைக் காப்பாத்தப் போறாங்களாம்"னு இதே மாதிரி மேடையில கேட்டாங்க. அடுத்த தேர்தல்ல ஜனங்க அவங்களுக்கும் ஒரு பல்பு கொடுத்தாங்க, இலவசமா! (சிரிப்பு) இருங்க, இருங்க, விஷயத்துக்கு வரேன். 60 வாட் போய் 7 வாட் வந்தா, ராத்திரிக்கு 5 மணி நேரம் எரியுதுன்னு வையுங்க, மாசம் 8 யூனிட் மிச்சம். நம்ம நாட்டுல ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ பக்கம் கரியமில வாயு. ஒரு பல்பு மாசம் ஆறு கிலோ பக்கம் தடுக்குது.

சரி, எல்லா மாநிலத்துலயும் இப்படியா? இல்ல. குஜராத் 4 கோடி பல்பு வாங்குச்சு. பக்கத்துல தமிழ்நாடு அரைக் கோடியைத் தொடல. தமிழ்நாட்டுக்காரனுக்குச் சிக்கனம் தெரியாதா? அவன் கடையில வாங்கிக்கிட்டான், அது தனிக் கணக்கு. ஆனா ஈ.ஈ.எஸ்.எல். மாதிரி மூணாம் ஆள் முதல் போட வரணும்னா, எங்க எவ்வளவு மிச்சம், அது யார் பையில சேருதுன்னு தெரியணும். தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம், பம்ப்செட்டுக்கு முழுசும் இலவசம். அங்க மிச்சமாகிறது விவசாயிக்கு இல்ல, மின்வாரியத்துக்கு. ஆந்திராவுலயும் விவசாயத்துக்கு இலவசம்தான்! ஆனா அவங்க விவசாயியைக் கெஞ்சல. மின்விநியோக நிறுவனத்தையே ஒப்பந்தத்துல உட்கார வச்சு, கிழக்கு கோதாவரி மாவட்டம் ராஜாநகரத்துல பழைய மோட்டாரைக் கழட்டி, புதுசு மாட்டினாங்க. 2014 அக்டோபர்ல ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டுச்சு. அந்த இருட்டுலதான் அங்க 90,000 தெருவிளக்குக்கு மேல எல்.இ.டி.யா மாறுச்சு. நம்ம பக்கம் புயலுக்கா பஞ்சம்?

நான் சொல்ல வந்தது வேற. நம்ம ஊர்ல ஒரு லைன்மேன். பேரைச் சொன்னா அவருக்குத்தான் வம்பு. தெருவிளக்குப் பெட்டியில மீட்டர் கிடையாது, உத்தேசக் கணக்குலதான் பில். அந்த மனுஷன் சாயங்காலம் விளக்கு போட்டதும் ஒரு தடவை, சில நாள் நடுராத்திரியில ஒரு தடவை, வயர்ல டாங் டெஸ்டரைக் கவ்வ விட்டு, எத்தனை ஆம்பியர்னு பிள்ளையோட கணக்கு நோட்டுல பின்பக்கத்துல இருந்து எழுதிக்கிட்டு வந்தார். யாரும் சொல்லல. படியும் கிடையாது. முன்னால எவ்வளவு எரிஞ்சுச்சுன்னு தெரியாம, எவ்வளவு மிச்சம்னு எந்தக் கம்பெனி ஒத்துக்கும்? அந்த நோட்டுதாங்க ஆதாரம்! அதை ஒரு அலுவலகத்துல கொண்டுபோய்க் கொடுத்தோம். "இதுல சீல் இல்லையே"ன்னார் ஒருத்தர். (கூச்சல்) சீல்! பில்லே உத்தேசமா போடுறவங்க நோட்டுக்கு சீல் கேக்குறாங்க!

இன்னொரு பக்கமும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. விளக்கை மாட்டிக்கிட்டு, கட்ட வேண்டிய தவணையைக் கட்டாம இழுத்தடிக்கிற உள்ளாட்சிகளும் நாட்டுல இருக்கு. அப்புறம் விளக்கு அணைஞ்சா எவன் வந்து பார்ப்பான்?

தலைவர் மணி அடிக்கிறார். அடிங்க, அடிங்க, அதுக்குக் கரண்ட் செலவில்ல. இன்னிக்கு நாம போடுற தீர்மானத்துல இதை எழுதுங்க: ஒவ்வொரு தெருவிளக்குப் பெட்டிக்கும் மீட்டர், மாசா மாசம் ரீடிங், அந்த ரீடிங் வார்டு பலகையில. அந்த நோட்டையும் இணைப்பா சேர்த்துடுங்க. சீல் வேணும்னா நம்ம சங்கத்து சீலைக் குத்துவோம்!