மரமும் கயிறும்
(அவலூர்பேட்டைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பனையேற்றம் நம் முன்னோர்க்குச் சோறிட்ட தொழில். அதில் உயிரைத் தாங்குவது கைவலிமை மட்டுமன்று. மரத்துக்கு ஒத்த கயிறுமாகும். காலிற் பூணும் தளை நீண்டால் பாதம் மரத்தைக் கவ்வாது. குறுகினாலோ கால் வருந்தும். அதனாலன்றோ தத்தம் காலுக்கும் மரத்துக்கும் ஏற்பத் தளை முடிந்துகொண்டனர்!

இக்காலத்தே கருவிகளும் வந்துள. கேரளத்துச் செம்பேரி ஜோசப் என்பார் தென்னைக்கு ஒரு கருவி அமைத்தார். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் கருவிகொண்டு மரமேறும் பயிற்சியைத் தொடங்கிற்று. அக்கருவியில் மரத்தைச் சுற்றும் இரும்புவடக் கண்ணிகள் இரண்டு. ஒன்று உடற்பாரத்தால் இறுகி நிற்க, மற்றொன்று மேலேறும். அடியிற் பருத்த மரம் மேலே மெலியுமாதலால், அடியில் அளந்த கண்ணி மேலே தளரும். தளர்வு கண்டால் துணிந்து மேற்செல்லாது, இறங்கி அளவைத் திருத்துதல் வேண்டும். தென்னைக்கு அளந்த கண்ணியை அவ்வாறே பனைக்குப் பூட்டுதலும் தீது.

இளைஞர்களே! ஏறுமுன் முழங்கால் உயரத்தில் நின்று, உடற்பாரம் முழுதும் ஏற்றிச் சோதியுங்கள். இடுப்பிலே காப்புக்கயிறு தனியே இருக்கட்டும். நைந்த கயிற்றைத் தயங்காது எறியுங்கள். கயிற்றின் விலை சிறிது. விளக்கேற்றிக் காத்திருக்கும் வீட்டார்க்கு உங்கள் உயிர் பெரிது.