முன் அச்சில் கசியும் எண்ணெய்



டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சன் என்று ஒரு மலையூர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் கரடுமுரடான பாதையில், இங்கிலாந்திலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி வந்த லாண்ட் ரோவர் வண்டிகள் பல்லாண்டுகள் பயணிகளைச் சுமந்து பெயர் பெற்றன. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாகி 1958 வரை உருவான முதல் வரிசை வண்டிகள் அவை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள்ளும் இத்தகைய பழைய வண்டியைப் போற்றி வைத்திருப்போர் உண்டு. பட்டறையில் அதற்கு வைத்தியம் பார்ப்போரும் உண்டு. இவ்விரு சாராரும் அடிக்கடி சந்திக்கும் குறை ஒன்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். முன் அச்சில் எண்ணெய் கசிவதே அக்குறை.

எண்ணெய் ஒழுகினால், உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று மகிழுங்கள் என வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணெய் தரையில் சொட்டாமல் பிரேக் டிரம்முக்குள் புகுந்துவிட்டால் வேடிக்கை வினையாகிவிடும். நனைந்த பக்கத்துச் சக்கரம் சரிவரப் பிடிக்காது. வண்டி மறுபக்கம் இழுக்கும். மலைச்சரிவில் இறங்கும்போது அந்த இழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். முன் சக்கரங்கள் இருபக்கமும் திரும்பவும் வேண்டும். எஞ்சினின் விசையைப் பெற்றுச் சுழலவும் வேண்டும். இதற்காக அச்சுக் குழலின் இரு முனைகளிலும் பளபளப்பான எஃகு உருண்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கவிந்துகொண்டு ஒரு கூடு, மேலும் கீழும் உள்ள கிங்பின்களின்மீது திரும்புகிறது. கூட்டினுள்ளே எண்ணெய். கூட்டின் விளிம்பில் ஒரு பெரிய ஆயில் சீல், உருண்டையைத் தழுவியபடி எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிறது. போர்க்கால ஜீப்பின் முன் அச்சும் ஏறத்தாழ இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

கசிவைக் கண்டதும் பலர் புதிய சீல் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில் மீண்டும் கசிகிறது. பழி சீல்மீது விழுகிறது. கசியும் இடம் ஒன்று, கசிவின் காரணம் மற்றொன்று என்பதே நாம் மனத்தில் இருத்த வேண்டிய பாடம்.

ஆகையால் அச்சு முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு, முதலில் ஈரம் தட்டும் இடத்தைக் கவனிக்க வேண்டும். காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் சொட்டும் இடத்தைவிட்டுச் சற்று முன்னே தேடுவது நலம். சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால், அது தடித்து நாறும் கியர் எண்ணெயா, நீர்த்த பிரேக் திரவமா என்று பிரித்தறிய வேண்டும். பின்னதாயின் பழுது அச்சில் இல்லை. பிரேக் சிலிண்டரில் இருக்கிறது.

அடுத்து, காசு செலவில்லாத இரண்டு சோதனைகள். அச்சின் மேற்புறத்தில் மூச்சுத் துளை ஒன்று உண்டு. ஓட்டத்தில் அச்சு சூடேற, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அந்தக் காற்று எண்ணெயைச் சீல்களின் வழியே வெளியே தள்ளும். துளையைத் துப்புரவு செய்த மாத்திரத்தில் கசிவு நின்றுவிடுவதும் உண்டு. இரண்டாவது, எண்ணெயின் அளவு. ஒவ்வோர் உருண்டைக் கூட்டுக்கும் வேண்டியது ஈ.பி. 90 கியர் எண்ணெய் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் குளிர்ந்தபின் அளவுத் துளையின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினாலும் கசியும்.

பிறகு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கியை வைக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறத்தல் ஆகாது. இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை; பின்புறம் செல்லும் சுழல்தண்டில் இருக்கிறது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகக் கூடாது. இப்போது சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் சக்கரத்தின் பேரிங் தளர்ந்திருக்கிறது. மறையாவிட்டால் கிங்பின்னில் தேய்வு இருக்கிறது. கிங்பின் தளர்ந்த கூடு உருண்டையின்மீது ஒருபுறம் சாய்ந்து உட்காரும். சாய்ந்த கூட்டில் எவ்வளவு நல்ல சீலும் நிலைக்காது. தேய்ந்த பாகங்களை மாற்றி, ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தைச் சரிசெய்த பின்னரே சீலைப் பற்றி எண்ண வேண்டும்.

உருண்டையைத் துடைத்து விரல்நுனியால் தடவிப் பாருங்கள். முலாம் உரிந்து துருக்குழிகள் விழுந்திருந்தால், அவை புதுச் சீலின் உதட்டை அரம் போல் அராவிவிடும். சிறு குழிகளை எபாக்சிப் பசையால் நிரப்பி வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளலாம். ஆழ்ந்த குழிகள் உள்ள உருண்டையை மாற்றுவதே முறை.

சீல் முழு வளையமாக இருப்பதால், உருண்டையை அச்சுக் குழலிலிருந்து கழற்றிப் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டிச் சுற்றி மாட்டுவோரும் உண்டு. வழிநடுவில் கைகொடுக்கும் உபாயம் அது. நிலையான பரிகாரம் அன்று. சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். மாட்டுமுன் அதற்குச் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். உருண்டை அச்சோடு சேரும் முகத்தைச் சுரண்டித் துடைத்துப் புதிய கேஸ்கெட் வைக்க வேண்டும். கசிவுக்கு அஞ்சி, எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டிக் கிரீஸை அடைப்பது தவறு. அது மேல் கிங்பின்னை எட்டாது. கசிவு நிற்கும், தேய்வு தொடங்கும்.

டிரம்மினுள் எண்ணெய் புகுந்திருந்தால், ஹப்பின் உட்புறச் சீலோடு, அது உராயும் வளையத்தையும் பார்க்க வேண்டும். வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் பயன் தராது. எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் வாட்டியோ மீட்க முயல வேண்டாம். சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளிவரும். இருபக்கத்து லைனிங்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே மூச்சுக்குக் காப்பு.

வேலை முடிந்தபின் சிறிது ஓட்டி, அளவையும் ஈரத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். வண்டி நெடுநாள் நிற்பதானால், உருண்டைகளைத் துடைத்து எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்துவைப்பது துருவைத் தடுக்கும்.

இவ்வளவும் ஒரு சொட்டு எண்ணெய்க்காகவா என்று தோன்றலாம். பழைய எந்திரம் தன் நோயைச் சொல்ல வேறு மொழி அறியாது. சொட்டுச் சொட்டாகத்தான் சொல்லும். சொட்டைத் துடைத்துவிட்டு நகராமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கையில் அறுபது, எழுபது ஆண்டு கண்ட வண்டியும் மலையேறும். ஏறுவது மட்டுமன்று, பத்திரமாக இறங்கியும் வரும்.