கீழூரில் எழுந்த கேள்வி



வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவது குறித்து வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். பாடநூலில் இவ்வளவுதான் இருக்கும். தேர்வுக்கும் இவ்வளவு போதும்.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் சிலரை அவ்வூருக்குச் சைக்கிளில் அழைத்துச் சென்றேன். சட்டம் கற்பித்த பேராசிரியர் ஒருவரும், விவசாயத் தொழிலாளர்க்காக நெடுநாள் உழைத்த பாகூர்ப் பெரியவர் ஒருவரும் உடன் வந்தனர். நினைவிடத்தருகே மரநிழலில் அமர்ந்திருந்தபோது ஒரு சிறுவன் கேட்டான்: “மற்றவர்களை ஏன் ஐயா கேட்கவில்லை?”

எனக்கு விடை தெரியவில்லை. பேராசிரியரைப் பார்த்தேன்.

அவர் சொன்னார்: “நல்ல கேள்வி. மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்பது 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் விதி. அதன்படி 1949இல் சந்திரநாகூரில் மக்களே நேரில் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 7,473 வாக்கு; எதிராக 114. புதுவையிலும் அவ்வாறே நடந்திருக்க வேண்டும். ஆனால் 1951இல் வந்த நடுநிலை நோக்கர்கள், இங்குள்ள வாக்காளர் பட்டியல்கள் நம்பத்தக்கவையல்ல என்று கண்டார்கள். ஆகவே பிரதிநிதிகளின் வாக்கே போதும் என்று இரு அரசுகளும் உடன்பட்டன.”

பெரியவர் புன்னகை செய்தார். “பட்டியல் பழுதென்றால், அந்நாளையத் தேர்தல்களில் வென்றவர்கள் மட்டும் பழுதின்றி வந்தவர்களா, ஐயா? எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் குடிசைக்கு எவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால், சேருவோம் என்றுதான் சொல்லியிருப்போம்.”

“விடை அதுவேயானால், கேளாதது அவ்வளவு பெரிய குறையா, பெரியவரே?”

“பண்ணையாரும் அப்படித்தான் சொல்லுவார். எப்படியும் இந்தக் கூலிக்கு ஒப்புக்கொள்வாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்பார்.”

பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, காலத்தின் நெருக்கடியை எடுத்துரைத்தார். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்டு 16இல்தான். பிரதிநிதிகள் வாக்களித்தும் ஏறக்குறைய எட்டாண்டு சென்றது. பொதுவாக்கெடுப்புக்குக் காத்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ என்றார். அவ்வாதம் அன்றைக்கு எனக்கு முழுதும் சரியெனப் பட்டது. இப்போதும் அதனைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. ஆயினும் பண்ணையார் உவமைக்குத் தக்க மறுமொழியும் எனக்குக் கிடைத்தபாடில்லை.

புறப்படும் வேளையில் அச்சிறுவன் பெரியவரை விடவில்லை. “அப்படியானால் உங்களை ஒருவரும் ஒருபோதும் கேட்கவே இல்லையா, தாத்தா?”

“ஒருமுறை கேட்டார்கள், தம்பி. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த காலம். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம். எழுதாவிட்டால் இந்தியக் குடிமகன் என்று ஏற்பாடு. எங்கள் தெருவில் பலருக்கு அச்செய்தியே தெரியாது. ஊர்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டி, உன் விருப்பம் என்ன என்று கேட்டார்.”

“நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா?”

“இல்லை. நான் இந்தியன்தான், எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் போன பிறகும் வெகுநேரம் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.”