பனிமலைப் பாதையும் முன்னேற்பாடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வடநாட்டில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள், குளிர்கால விடுமுறையில் தாமே மோட்டார் வண்டியோட்டி மணாலிக்கும் அதற்கப்பாலுள்ள மலைநாட்டிற்கும் செல்வதாக அறிகின்றோம். அரிய காட்சிகளைக் கண்டு மகிழ்தல் நன்றே. ஆயினும் எச்சரிக்கை ஒன்று கூறுதல் எம் கடமையாகும்.

நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வழங்கினர். நாமறிந்த பனி, புல்நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைவது. இமயத்துப் பனியோ சாலையை மூடி, வண்டியைப் புதைத்து, உயிரையும் கொள்வது. பெயர் ஒன்றாயிருத்தலால் தன்மையும் ஒன்றென மயங்கலாகாது.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுடையது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயை ஏறிக் கடக்கும் வருத்தத்தை அது நீக்கிற்று. ஆனால் எளிதிற் செல்லலாம் என்ற எண்ணமே ஆபத்திற்கு வாயிலாகின்றது. சுரங்கத்தினுள் பனி பெய்வதில்லை. அதன் இருபுறத்தும் பெய்யும்.

2022 ஜனவரியில், பாகிஸ்தானத்து மர்ரி என்னும் மலையூருக்குப் பனி காணச் சென்றோர் பலர் வண்டி நகராமல் இரவெல்லாம் சாலையிற் சிக்கினர். குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிரும், வண்டிப் புகையின் நச்சுக்காற்றும் காரணமெனக் கருதப்பட்டன.

அந்நச்சு எவ்வாறு புகுகின்றது? வெப்பத்திற்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை அடைத்து உள்ளே இருப்பர். புகைக்குழாயைப் பனி மூடின், கார்பன் மோனாக்ஸைடு வாயு உள்ளே சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறக்கம்போல் வந்து உயிரைக் கவரும். ஆதலின் வண்டி சிக்கினால், முதற்கண் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுக. மணிக்குப் பத்து நிமிஷமளவே இயந்திரத்தை ஓட்டுக. அப்போது ஒரு கண்ணாடியைச் சிறிது திறந்து வைக்க. வண்டியை விட்டு இருளில் நடவற்க.

இனிப் புறப்படுமுன் செய்வன கூறுவோம். நீர் உறையுங்கால் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு விரியும். ரேடியேட்டரில் வெறுநீர் இருப்பின் இயந்திரம் பிளக்கவுங் கூடும். ஆதலின் உறையாத் திரவத்தை உரிய அளவிற் கலத்தல் வேண்டும். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரளும். அவ்விடத்திற்குரிய குளிர்கால டீசலையே நிரப்புக. பாட்டரியும் குளிரில் வலிவிழக்கும். பழையதாயின் முன்னரே மாற்றுக. சக்கரச் சங்கிலியைப் பூட்டும் முறையை வீட்டு வாயிலிலேயே பழகுக. மண்வாரி, கம்பளி, டார்ச் விளக்கு, உணவு, நீர் ஆகியன உடனிருக்கட்டும். செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்க. இறக்கத்தில் கீழ்க்கியரில் மெல்லச் செல்க. திடீரெனப் பிரேக்கை மிதியற்க. வெயில் படாத வளைவுகளிற் கண்ணுக்குப் புலனாகாத பனிக்கட்டி படிந்திருக்கும்.

இவை யாவினும் பெரிய முன்னேற்பாடு ஒன்றுண்டு. அது திரும்பி வரும் துணிவாம். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்றும், நண்பர் நகைப்பரே என்றும் எண்ணி இளைஞர் முன்செல்கின்றனர். பணம் மீண்டும் வரும், பிள்ளை வருவானோ?

பெற்றோர்களே! “பனி மிகுதி, பாதியில் திரும்பிவிட்டேன்” என்று மகன் தொலைபேசியிற் கூறின், “இவ்வளவுதானா?” என்று கேளாதீர்கள். “நன்று செய்தாய், அப்பா” என்று கூறுங்கள். அச்சொல்லே அடுத்த முறையும் அவனைக் காக்கும்.